லூக்கா ஊரைச் சுற்றிப் பார்த்தது

மதில் மேல் ஒரு சுற்று வந்த பிறகு கல்லறைக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த மதில் மேலிருந்தே அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து மனுஷன் இப்படித்தான். விருத்தாசலத்திலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்தது மதில் பார்க்கவா? எங்கள் மகள் அருள்ஜோதி இந்த இத்தாலி ஊரில் அடக்கமாகி ஐந்து வருஷம் ஆகிறது. கன்னியாஸ்திரியாகி, இங்கே மடத்து முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள், கொரோனா வந்த புதிதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். விமானம் கிடையாது, பஸ் கிடையாது, வேப்பூர் ரோட்டைக்கூட போலீஸ்காரன் தாண்டவிடவில்லை. போனில் செய்தி சொன்னார்கள், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், அவ்வளவுதான். நம் பக்கத்தில் சாவு என்றால் வழியோடு போகிறவன்கூட நின்று ஒரு பிடி மண் அள்ளிக் குழியில் போட்டுவிட்டுத்தான் போவான். பெற்ற பிள்ளைக்கு அந்த ஒரு பிடி மண்ணை நான் போடவில்லை.

அதைப் போடத்தான் வந்தேன். ஜூபிலி வருஷம் என்று எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரை கிளம்பினார்கள், நாங்களும் சேர்ந்துகொண்டோம். பாப்பரசர் கோயிலையெல்லாம் பார்த்தாகிவிட்டது. சாமியாரிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் மட்டும் நாங்கள் தனியாக ரயில் ஏறி இங்கே வந்தோம். என் கைப்பையில் பவுடர் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே பவுடர் இல்லை, எங்கள் வீட்டுக் கிணற்றடி மண். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற இடம் அது. சென்னை ஏர்போர்ட்டில் சோதனை போடுகிற பெண் டப்பாவைத் திறந்தாள், மண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மூடிக் கையில் கொடுத்துவிட்டாள். புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும்.

ஊரின் பெயர் லூக்கா. நற்செய்தி எழுதியவர் பெயர்தான், ஆனால் அவருக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனவள் சிஸ்டர் இனியா. சேத்தியாத்தோப்புப் பெண், என் மகளோடு ஒரே மடத்தில் இருந்தவள். "மொதல்ல எங்கம்மா போலாம்?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஊர ஒரு சுத்து பாத்துரலாம் சிஸ்டர். இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போனா எப்படி?"

பார்த்தோம். ஊரைச் சுற்றிக் கோட்டை மதில் என்றதும் செஞ்சிக்கோட்டை மாதிரி இடிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மதிலின் தலைமேல் லாரி போகிற அகலத்துக்குப் பாதை, இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், ஒரு கிழவி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறாள். உள்பக்கம் சிவப்பு ஓட்டு வீடுகளும் மணிக்கூண்டுகளும், வெளிப்பக்கம் பச்சைப் புல்வெளி. என் வீட்டுக்காரர் பிலோமின்ராஜ் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கேரியர் சுடுகிற சூளையில் இருந்து ரிட்டயர் ஆனவர். மதில் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். "நல்லா வெந்த கல்லு ராணி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாகப் பழமலைநாதர் கோயில் மதிலை ஒட்டியே சைக்கிளில் வேலைக்குப் போய் வந்த மனுஷன், ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாரா? இங்கே வந்து கல்லைத் தட்டுகிறார்.

அப்புறம் உச்சியில் மரம் முளைத்த ஒரு கோபுரம். முளைத்ததில்லையாம், அந்தக் காலத்துப் பணக்காரன் எவனோ வேண்டுமென்றே வைத்து வளர்த்ததாம். முட்டி வலி என்று வீட்டு மாடிக்குக்கூட ஏறாதவர், அந்தக் கோபுரத்தில் மூச்சு வாங்க வாங்க உச்சிவரை ஏறினார். நான் கீழேயே நின்றுவிட்டேன். அப்புறம் வட்டமாக வீடுகள் சூழ்ந்த ஒரு மைதானம், அங்கே ஒரு ஐஸ்கிரீம். எனக்கும் ஒன்று வாங்கி நீட்டினார். வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சிஸ்டர் பாவம், எங்கள் இரண்டு பேர் நடுவிலும் மாட்டிக்கொண்டு விழித்தாள்.

மறுபடியும் மதில் மேல் ஏறி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தூரத்து மலைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பனியா என்று கேட்டேன். "இல்லம்மா, சலவைக்கல்லு. அங்கதான் வெட்டி எடுக்கறாங்க" என்றாள் சிஸ்டர்.

"அங்க போவ பஸ்ஸு இருக்குதா சிஸ்டர்?" என்றார் இவர்.

அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. "நீங்க போங்க. மலய பாருங்க, மண்ணாங்கட்டிய பாருங்க. நான் எம் பொண்ண பாக்கப் போறேன்" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். ஸ்வெட்டர் பின்னுகிற கிழவி திரும்பிப் பார்த்தாள். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் ராணி."

"என்னாத்துக்குங்க?"

அவர் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மங்கலம்பேட்ட கடத்தெருவுல பாய்ங்க ஒவ்வொருத்தரும் எம் புள்ள துபாய்ல இருக்கறான், கத்தார்ல இருக்கறான்னு சொல்லுவாங்க. உம் பொண்ணு எங்கய்யான்னு கேப்பாங்க. இட்டாலியில இருக்குதுன்னு சொல்லுவேன். அஞ்சு வருஷமா அதத்தான் சொல்லிகினு இருக்கறேன். பாத்துட்டேன்னா, அப்பறம் என்னான்னு சொல்றது?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவி மனுஷா, இதை ஊரிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆனாலும் நான் இரங்கவில்லை. இரங்கினால் அன்றைக்கு ரயிலேறும்வரை ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்திருப்போம். கையைப் பிடித்து எழுப்பினேன். எழுந்து, குழந்தை மாதிரி பின்னாலேயே வந்தார்.

கல்லறைத் தோட்டம் மதிலுக்கு வெளியே இருந்தது. வாசலிலேயே நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், டப்பாவையும் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போகப் போக எல்லாம் சலவைக்கல்லும் சிமெண்ட்டும். சிஸ்டர் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நீளமான சுவர் முன்னால் நின்றாள். ஸ்டேஷனில் பெட்டி வைக்கிற அறை மாதிரி, தரையிலிருந்து மேல்வரை வரிசை வரிசையாகச் சதுரக் கற்கள் பதித்த சுவர். கல்லுக்குக் கல் பெயர், சின்ன பூச்சாடி, ஒரு முகம்.

"எங்க சிஸ்டர்?"

அவள் மேலே காட்டினாள். ஐந்தாவது வரிசை.

"இங்க நெறைய பேர இப்படித்தாம்மா, சுவத்துக்குள்ள வெச்சி மூடிருவாங்க. மடத்துக் கல்லறையிலயும் அப்ப எடமில்ல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? எத்தினி வாட்டி போன்ல பேசன?"

"சுவத்துல வெச்சிட்டாங்கன்னு ஒங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருப்பேன். மண்டி போடுவேன், குழி மேட்டைக் கையால் தடவுவேன், என் வீட்டு மண்ணை அதன்மேல் தூவுவேன் என்று. குழி இருந்தால்தானே மேடு. என் பிள்ளை மண்ணுக்குள்ளேயே போகவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டப்பாவைக் கவிழ்த்து மண்ணைக் கை நிறையக் கொட்டிக்கொண்டேன். அண்ணாந்து பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஐந்தாவது வரிசைக்கு வீசினேன். மூன்றாவது வரிசை வரைக்கும்தான் போயிற்று. சுவரில் பட்டு எங்கள் மேலேயே விழுந்தது. சிஸ்டரின் முக்காட்டில், என் கண்ணில், அவர் தலையில். கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

சிஸ்டர் போய், சக்கரம் வைத்த இரும்பு ஏணி ஒன்றைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு வந்தாள். மேல்வரிசையில் பூ வைக்க வருகிறவர்களுக்காக அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

"நீங்க ஏறுங்க" என்றேன் அவரிடம்.

"என்னால ஆவாது ராணி. நீ ஏறு, நான் புடிச்சிக்கறேன்."

அத்தனை பெரிய கோபுரம் ஏறிய மனுஷனுக்கு அந்த ஏணி ஏற முடியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். கீழே பார்க்காமல் ஏறி முகத்துக்கு நேராகக் கல் வந்ததும் நின்றேன். அருள்ஜோதி என்று அவர்கள் எழுத்தில் வெட்டியிருந்தது. அதற்கு மேலே கோழிமுட்டை வடிவத்தில் ஒரு பீங்கான், அதில் அவள் முகம். கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்த அன்றைக்கு எங்கள் கோயில் வாசலில் எடுத்த போட்டோ. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்றோம், எங்களை வெட்டிவிட்டு அவளை மட்டும் பதித்திருக்கிறார்கள். சிரிக்கிறாள். அவள் இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. வெட்டினவர்களுக்கு அதை மட்டும் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. சுண்டுவிரல் கோணலாக இருந்தது. என் விரல்தான், சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டியது. மறுநாள் மடத்துக்குக் கிளம்புகிறாளே என்று அன்றைக்கு அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பீங்கான் ஜில்லென்று இருந்தது. என் விரல்களை அந்த விரல்கள் மேலேயே வைத்தேன்.

"ராணி" என்று கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். அவள் போன் பண்ணும்போதெல்லாம் நான்தான் முதலில் பேசுவேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதே குரலில்தான் கேட்பார்.

"நல்லா இருக்காளா?"

"ம், நல்லா இருக்கா" என்றேன்.

"எளச்சிருக்காளா?"

"இல்லீங்க. சிரிச்சிகினு இருக்கா."

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் வழுக்கைத் தலையில் எங்கள் கிணற்றடி மண் அப்படியே இருந்தது, தட்டிவிடவில்லை.