தரைக்கு வராத குட்டி

அறுப்பு முடிந்த சோள வயலில் அந்த வருஷம் பிறந்த பதினொரு குட்டிகளில் ஒன்றுகூடத் தரையில் நிற்கவில்லை. எல்லாம் இடுப்பு உயரத்தில் மிதந்தன. தாய் ஆடுகள் அண்ணாந்து பார்த்துக் கத்தின. மடி கீழே, வாய் மேலே, எப்படிப் பால் குடிக்கும்? ஆட்டுக்காரரின் மனைவிதான் ஒவ்வொரு குட்டியாக இழுத்து மடியில் அமுக்கிப் பிடித்தாள். பதினோராவது குட்டி குடித்து முடிப்பதற்குள் முதல் குட்டிக்குப் பசி வந்துவிடும்.

காரணம் ஆட்டுக்காரருக்குத் தெரியும். அறுத்த வயலில் வெறும் சோளத் தாளை மேய்ந்தால் வயிறு நிறையும், உள்ளே குட்டி வளராது என்று, சினை ஆடுகளுக்காக அவள் தினமும் ஒரு வாளிச் சோளம் கொடுத்தனுப்பினாள். வழியில் டீக்கடை. அங்கே நாலு பேர் அவருடைய கிடாயைத் தட்டிக்கொடுத்து, இப்படி ஒரு கிடாய் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி, மனிதர் வாளியை அப்படியே கிடாய் முன்னால் வைத்துவிடுவார். இரண்டு மாதம் இதே கூத்து. குட்டிகளுக்குச் சேரவேண்டிய கனமெல்லாம் கிடாய்க்குப் போய், இப்போது அது நடந்தால் தார் ரோட்டில் குளம்பு புதைந்தது.

கால்நடை டாக்டர் வந்து, சினை ஆட்டுக்குத் தானியம் போட்டீர்களா என்று கேட்டார். தவறாமல் போட்டேன் என்றார் ஆட்டுக்காரர். உடனே குட்டிகள் இன்னொரு முழம் ஏறின. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டு போனார். மனைவி வீட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்து, அதன்மேல் ஏறி நின்று குட்டியை எட்டிப் பிடித்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ குடுத்ததையெல்லாம் கிடாய்க்குத்தான் வச்சேன். நாலு பேர் மெச்சணும்னு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமேலாவது தாய்க்குப் போடுங்க. பாலாவது ஊறட்டும்."

அன்றிலிருந்து வாளி தாய் ஆடுகளுக்கே போயிற்று. பால் ஊற ஊறக் குட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆறு வாரத்தில் பத்துக்குத் தரை எட்டியது. பதினோராவது மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே மிதக்கவிட்டுத்தான் மேய்ச்சலுக்குக் கூட்டிப்போனார். டீக்கடையில் அதே நாலு பேர், இப்படி ஓர் ஆடு இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று அண்ணாந்தார்கள்.

"அதோட ஆத்தாவ நான் பட்டினி போட்டேன். அதனால வந்தது" என்பார் அவர், ஒவ்வொரு தடவையும். அவர்கள் தலையாட்டிவிட்டு டீயை ஆற்றுவார்கள். அவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வயலுக்கு நடப்பார்.