அவள் பக்கத்துச் சோறு

அன்றைக்குச் சஹனில் சோறு குறையவே இல்லை.

காலையில்தான் அப்துல் மாலிக்குக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வீங்கின கன்னத்தோடு ஒரு டம்ளர் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஜஹபர் நிஷா. நடுவில் வழக்கம்போல அந்தப் பெரிய தட்டு. கல்யாண விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவது அவர்கள் ஜனங்களில் உள்ளதுதான். ஆனால் பிள்ளைகள் கரையேறிப் போன பிறகும், மூலக்குளத்தில் புது வீடு கட்டி அலமாரி நிறையத் தட்டு வாங்கி அடுக்கின பிறகும், தினமும் ஒரே சஹனில் கை வைக்கிற புருஷன் பெண்டாட்டி இவர்கள்தான். அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். நல்ல கறித்துண்டாக வந்தால் எதிராளி பக்கம் தள்ளிவிடலாம், அது பிரியம். எதிராளி பக்கம் கையை நீட்டினால் அதற்குப் பெயர் வேறு.

தின்ன ஒன்றும் இல்லாததால் மாலிக் அன்றைக்குத்தான் பெண்டாட்டி சாப்பிடுவதைப் பார்த்தார். பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய் போட்டாள், இன்னொரு வாய். அவ்வளவுதான், வயிற்றைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டாள். பிறகு பழக்கதோஷத்தில் தன் பக்கத்துக் கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்தார்கள்.

"இன்னா நிஷா இது? சோறு போட்டது போட்டபடி கெடக்குது?"

"நீங்க சாப்புடலியே. எனக்கும் எறங்கல."

"நேத்து எறங்குச்சா?"

அவள் மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நிஷா மறைத்துவிட்டாள். தினமும் ஒரே தட்டில் அவர் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் இருப்பதை மறைத்துவிட்டாள். அவள் தள்ளினதையெல்லாம் இந்த மகராசன் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார். தின்றதோடு விட்டாரா? தட்டாஞ்சாவடியில் அவருடைய மெத்தைப் பட்டறைக்கு அடுத்த லேத் பட்டறைக்காரர் தெய்வசிகாமணியிடம், "எம் பொண்டாட்டி வாய்க்குப் போறதைக்கூட எனக்குத் தள்ளுவாய்யா" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டார். கழுத்தெலும்பு துருத்தி, வயிறு மட்டும் உப்பி நின்றவளிடம், "எல்லாம் கேஸுதான்" என்று கடையிலிருந்து சோடா வாங்கிவந்து கொடுத்ததும் இவரேதான். தெருவில் ஒருத்தி ஓமம் சொன்னாள், ஒருத்தி பெருங்காயம் சொன்னாள். நிஷா எல்லாவற்றையும் குடித்தாள்.

"ஏன் சொல்லல?"

"எங்க லாத்தாவுக்கும் இப்டித்தானங்க ஆரம்பிச்சுது. ரெண்டு வாய்லியே வயிறு ரொம்பிடுச்சுன்னுவா. அப்பறம் வருஷம் திரும்பறதுக்குள்ள மவுத்தாப் போனா." அக்காவைச் சொல்லும்போது நிஷாவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "வாய் விட்டுச் சொன்னா நெசமாயிடுமோன்னு பயந்துட்டேன்."

மாலிக்குக்குப் பல் வலி போன இடம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கலைவாணி நிஷாவைப் படுக்கவைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். எடை எவ்வளவு குறைந்தது, மலம் கறுப்பாகப் போகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கின மாத்திரை என்று நிஷா முனகினாள். அதுவும் வெறும் வயிற்றில்.

"உப்புசம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா. ஆனா பசியும் போயி, ஒடம்பும் எளைச்சா அதைக் கேஸுன்னு விடக் கூடாது. வாய் வழியாக் கொழாய் விட்டுப் பாத்துடலாம்."

பிறகு ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். மாலிக்கால் வாயை அடக்க முடியவில்லை. "நெஞ்சுலதானங்க வெப்பாங்க?"

டாக்டர் சிரித்தார். "வயிறும் பேசும் பாய். கேக்குறீங்களா?" காதில் இருந்ததைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே யாரோ பாத்திரம் கழுவினார்கள். தண்ணீர் ஓடியது, நின்றது, ஏதோ உருண்டுபோய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் ஓடியது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குள் இப்படி ஒரு அடுப்படியே நடந்துகொண்டிருந்திருக்கிறது! சமைத்தவள் தூங்கின பிறகும் இது தூங்கியிருக்காது. "சுப்ஹானல்லாஹ்" என்றார் மாலிக், ஆஸ்பத்திரி என்பதை மறந்து, சத்தமாக. நிஷாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "போதும் குடுங்க அவங்ககிட்ட" என்றாள்.

குழாய் விட்டுப் பார்த்ததில் புண் தெரிந்தது. ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என்ன புண் என்பது அது வந்தால்தான் தெரியும்.

அந்த நாட்களில் மாலிக் பட்டறையில் ஒரு வேலையும் செய்யவில்லை. மத்தியானச் சங்கு ஊதியதும் எதிர்க் கம்பெனியிலிருந்து ஆட்கள் வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை வருஷமாகப் பார்க்கிற காட்சி! ஒருத்தன் வெறும் மோர்ச்சோற்றை அள்ளி அள்ளிப் போட்டான். ஒரு பெண் ஊறுகாய் விரலை நக்கினாள். காலையில் தின்றவர்கள்தானே இவர்கள்? மறுபடியும் எப்படி வருகிறது? பணக்காரன் ஏழை பார்க்காமல், கேட்காமலே, வேளை தவறாமல் ஒவ்வொரு வயிற்றிலும் இந்தப் பசியைக் கொண்டுவந்து வைப்பவன் எவன்? சோற்றுக்குத்தான் இதுவரை அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்கிறார். பசிக்குச் சொன்னதே இல்லை. நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. தெய்வசிகாமணி வந்து, "பாய், இன்னா அப்டியே ஒக்காந்துட்டீங்க?" என்றபோது, "பசிக்குதாய்யா?" என்று திருப்பிக் கேட்டார்.

ரிசல்ட் வந்தது. கெட்டது இல்லை. கிருமியால் வந்த புண், அதை முட்டி மாத்திரை கிளறிவிட்டிருக்கிறது என்றார் டாக்டர். மருந்து எழுதினார். சோடாவை விடச் சொன்னார். ஒரேயடியாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, பல வேளையாகச் சாப்பிடச் சொன்னார். புண் ஆறினதா என்று மறுபடி பார்க்க வேண்டும். "பசி மெதுவாத்தான் வரும். அவசரப்படுத்தாதீங்க."

நிஷா அங்கேயே அழுதுவிட்டாள். மாலிக் அழவில்லை. ஆனால் வண்டிச் சாவி கையிலேயே இருக்க, அதைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தார்.

மருந்து தீர்ந்தது. வயிற்று உப்புசம் வடிந்தது. பசி மட்டும் வரவில்லை. நிஷா கடமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். டாக்டர் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். தனித் தட்டு வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று தெரியுமே என்றார் மாலிக். "பள்ளிக்கூடப் பிள்ளையா நானு?" என்று சஹனையே வைத்தாள். அவர் தன் பக்கத்தில் அளந்து சாப்பிட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவள் பக்கத்துச் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் தப்பாகப் பார்த்திருப்பாரோ என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை. லாத்தாவின் பேரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வரும் வழியில் குருசுக்குப்பத்துக்காரி ஒருத்தியிடம் சங்கரா மீன் வாங்கிவந்திருந்தார். நிஷா மீன் குழம்பு காய்ச்சியிருந்தாள், அவர்கள் பேச்சில் புளி ஆணம். மாலிக் பேன் சத்தத்தைக் கேட்டபடி, ஏதோ தைக்காத மெத்தையைப் பற்றி யோசித்தபடி பிசைந்துகொண்டிருந்தார். மீன் தலை அவர் பக்கத்தில் கிடந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். சின்னதாக ஒரு உறுமல். காதில் ஒன்றும் மாட்டாமலே கேட்டது.

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நிஷாவின் பக்கம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. நடுவில் முள் ஒதுக்கிவைத்த வரிசை. அதைத் தாண்டி ஒரு கை வந்தது. முள்ளுக்கு மேலேயே ஒரு கணம் நின்றது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தடவைகூடத் தாண்டாத கை. மாலிக் தன் விரலை அசைக்கவில்லை. ஜன்னலில் குருவி உட்கார்ந்தால் மூச்சுப் பிடித்து நிற்போமே, அப்படி.

கை இறங்கி மீன் தலையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

"இன்னா அப்டிப் பாக்குறீங்க? சாப்புடுங்க, ஆறிடப் போவுது" என்றாள் நிஷா, கண்ணை எடுக்காமல் மீன் கன்னத்தைப் பிட்டபடி.

அவருடைய பக்கத்துச் சோற்றில் அவள் விரல்கள் இழுத்துப்போன தடம் ஒரு வாய்க்காலாகக் கிடந்தது. அதன் வழியே ஆணம் மெல்ல வழிந்து அவள் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.