பத்தாயிரத்து எண்ணூறு மணி நேரம் எரிந்த லாம்பு

புரொஜெக்‌ஷன் டிவி லாம்பு எத்தனை நாள் வரும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்டைப்பெட்டியில் ஆறாயிரம் மணி நேரம் என்று போட்டிருப்பான். அதை நம்பி வாங்கியவர்கள் எட்டாவது மாதமே வந்து என் சட்டையைப் பிடிப்பார்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே பூ வேலை செய்த துணியைப் போர்த்தி, பக்கத்திலேயே சாம்பிராணியும் போட்டு, விளம்பரம் வரும்போதெல்லாம் அணைத்து அணைத்து எரியவிட்டால் லாம்பு என்னத்துக்கு ஆகும்? கேட்டால், "நாங்க ஒண்ணுமே பண்ணல அண்ணாச்சி" என்பார்கள். என் முப்பது வருடத் தொழிலில் ஒருவர்கூட உண்மையைச் சொன்னதில்லை.

சங்கரன்கோவிலில் இந்த டிவியைப் பிரிக்கத் தெரிந்தவன் ஏசுவடியான், அதாவது நான் ஒருத்தன்தான். ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் பெட்டி அது. உள்ளே ஒரு லாம்பு பளீரென்று எரியும். அந்த வெளிச்சம்தான் கண்ணாடியில் பட்டு முன்திரையில் படமாக விழும். விற்பனை நின்று வெகு காலம் ஆயிற்று. ஊருக்குள் இரண்டு பெட்டிதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கழுகுமலை ரோட்டில் இருப்பது அந்தச் சனிக்கிழமை காலையில் அன்னக்கிளி போன் செய்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நாலு மணிக்கு எங்க பிள்ள காவியா வாலிபால் ஆடுதா. யுனிவர்சிட்டி ஃபைனல், யூடியூப்ல லைவா காட்டுதாங்க. எங்க டிவியில லாம்பு சிக்னல் ரெண்டு நாளா மினுக்குது. இன்னைக்குத் தாங்குமான்னு வந்து பாத்துச் சொல்லுதீயளா?"

"ஆட்டத்தப் போன்லயே பாத்துர வேண்டியதுதான யம்மா?" என்றேன். எனக்கு அன்று கையில் வேறு வேலை இருந்தது.

"நான் பாத்துருவேன். அவுகளால முடியாது அண்ணாச்சி."

அவர் கணவர் சங்கரபாண்டியனை எனக்குத் தெரியும். ராயகிரி பஸ் ஓட்டியவர். பார்வையின் நடுப்பகுதி மட்டும் மங்கிக்கொண்டே போகும் வியாதி வந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் வண்டியை விட்டவர். போனில் இருக்கும் முகமெல்லாம் அவருக்கு வெறும் புகை. புது எல்இடி டிவியை வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண் கூசித் தலைவலி வந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜை மூடியபோது வாங்கிவந்த இந்தப் பழைய பெட்டியின் வெளிச்சம்தான் அவருக்கு ஒத்துக்கொண்டது. லாம்பு போனால் இன்றைய ஆட்டம் மட்டும் போகாது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகளின் முகத்தை அவர் வேறு எதிலும் பார்க்க வழியில்லை.

"கவலைப்படாதீங்க, எங்கிட்ட அதே லாம்பு ஒண்ணு இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

இரண்டரை மணிக்குப் போனேன். அன்னக்கிளி மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் கிளார்க். வீட்டையும் ஆபீஸ் ஃபைலைப் போலத்தான் வைத்திருந்தார். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. மேலே துணி இல்லை, பொம்மை இல்லை. சங்கரபாண்டியன் திரைக்கு ஒரு கஜ தூரத்தில் நாற்காலி போட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்ப்பது அப்படித்தான். ஓரக்கண்ணில் மட்டும்தான் பார்வை இருக்கிறது.

டிவியைப் போடச் சொல்லி, லாம்பு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று உள் கணக்கில் பார்த்தேன். பத்தாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இது எத்தனாவது லாம்பு? மீட்டர யாரு இப்படிக் கெடுத்து வச்சது?"

"முத லாம்புதான் அண்ணாச்சி. வாங்கும்போது லாட்ஜுக்காரங்க புதுசாப் போட்டுக் குடுத்தாங்க."

நம்பாமல் குறுக்கு விசாரணை செய்தேன். அன்னக்கிளி நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் போடுவாராம். விளம்பரம் வந்தாலும் யாராவது வீட்டுக்கு வந்தாலும் நடுவில் அணைப்பதில்லை. பற்றும் நேரத்தில்தான் லாம்புக்கு அடி அதிகம் என்று யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கிறது. வெளிச்சத்தை எப்போதும் குறைத்து வைப்பது. வாரத்துக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷால் காற்றுத் துளைகளைத் துடைப்பது, நம் ஊர்க் காற்றில் மண் இல்லாத நாள் ஏது? வடை சுட்டால் நடுக்கதவைச் சாத்துவது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தைக்கூட பெட்டியில் வைக்காமல் கீழே உள்ள ஸ்டூலின் காலில் வைப்பது. அணைத்த பிறகு உள்ளே இருக்கும் ஃபேன் தானாக நிற்கும் வரைக்கும் சுவிட்சைத் தொடுவதில்லை. கரண்டு திடீரென்று போனால் அந்த ஃபேன் நின்றுவிடுமே என்று இந்த ஒரு பெட்டிக்காகவே இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார். மனசுக்குள் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அது என் புத்தி.

பிறகு நான் செய்ததை எப்படிச் சொல்ல? பின்பக்கத்தைத் திறக்கலாம் என்று போனேன். கை வைக்கும் முன் கரண்டைப் பிடுங்கு என்று முதல் நாளே என் முதலாளி மண்டையில் ஏற்றியிருந்தார். மிக்சியோ கிரைண்டரோ டிவியோ, எதுவானாலும் என் கை தானாக அதைத்தான் செய்யும். பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஐயோ அண்ணாச்சி!"

படம் போனது. ஃபேனும் நின்றது. கொதித்துக்கொண்டிருந்த லாம்பு காற்றில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒன்பது வருடமாக ஒரு நாளும் அந்த வீட்டில் நடக்காத காரியத்தை, ஊரிலேயே இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் செய்து முடித்திருந்தேன்.

"என்னட்டி, கரண்டு போயிட்டா?" என்றார் சங்கரபாண்டியன்.

"இல்ல, அண்ணாச்சி சோதிச்சுப் பாக்காரு" என்றார் அன்னக்கிளி. என்னை ஒரு பார்வைதான் பார்த்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவசரமாக நான் கொண்டுபோன லாம்பைப் பிரித்தேன். மேலே ஒட்டியிருந்த நம்பர் சரி. உள்ளே இருந்த சொருகி வேறு, டூப்ளிகேட். மதுரைக் கடைக்காரனுக்குப் போன் போட்டுத் தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"கத்துனா லாம்பு ஆறாது, இப்படி உக்காருங்க" என்றார் அன்னக்கிளி.

அதற்குள் அவர் பின்மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனை அந்தத் துளைகளுக்கு நேராக வைத்திருந்தார். லாம்பை நான் எட்டிப் பார்த்தேன். விரிசல் எதுவும் தெரியவில்லை. இருபது நிமிடம் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு தடவ போட்டுப் பாத்துருவமா?" என்று பட்டனுக்குக் கையைக் கொண்டு போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சூட்டோட போட்டா பத்திக்காது. பத்திக்காம நாலு தடவ தட்டுனா அதுலயே செத்துரும். உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?"

தெரியும். இருபது பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

சங்கரபாண்டியன் இரண்டு தடவை மணி கேட்டார். "இன்னும் நேரம் இருக்கு" என்று இரண்டு தடவையும் ஒரே குரலில் பதில் வந்தது. அந்த அம்மாளுக்குப் பயமே இல்லை என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கேட்ட எனக்கு வெறும் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் புரிந்தது.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மூடியைப் பூட்டி, யூடியூப் ஓடும் போனை வயரில் டிவியோடு இணைத்து, பட்டனை அவரே அழுத்தினார். டிக் டிக் என்று உள்ளே சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. நான் பைபிள் வசனம் ஒன்றைப் பாதியில் மறந்து மறுபடி ஆரம்பித்தேன். திரையில் லேசாக ஒரு சிவப்பு பரவியது. அது மெல்ல வெளுத்து, வாலிபால் கோர்ட் முழுசாகத் தெரிந்தது.

"ஆ, வந்துட்டாங்க!" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார் சங்கரபாண்டியன்.

காவியாவின் அணியில் எல்லாரும் நீலச் சட்டை. ஒரு பெண் மட்டும் ஆரஞ்சு. அதுதான் காவியா என்றார் அன்னக்கிளி. எதிராளி அடிக்கும் பந்தைக் கீழே விழாமல் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலையாம். அதற்கு லிபரோ என்று பெயர். அடிக்க அனுமதி இல்லாத அந்த ஒருத்தி மட்டும் வேறு நிறச் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சங்கரபாண்டியன் விரலால் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். வர்ணனைக்காரன் வாயைத் திறக்கும் முன், "எடுத்துட்டா!" என்று கத்தினார்.

"பிள்ள நல்ல உசரமால்லா இருக்கா? அடிச்சு ஆட விட்டா என்ன?" என்று அன்னக்கிளியிடம் கேட்டேன்.

அவர் என்னை அடுப்படிப் பக்கம் வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "அடிச்சு ஆடிக்கிட்டு இருந்தவதான் அண்ணாச்சி. காலேஜ்லயே அவ அடிதான் பேரு வாங்குச்சு. 'யம்மா, எல்லாரும் ஒரே சட்டையில நின்னா அப்பா என்னை எங்க கண்டுபிடிப்பாரு'ன்னு சொல்லிட்டு, கோச்சுகிட்டக் கெஞ்சி இதுக்கு மாறிட்டா. அவுகளுக்கு இது தெரியாது. வாய் தவறிச் சொல்லிராதீய."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். திரையில் ஆரஞ்சுச் சட்டை தரையில் பாய்ந்து விழுந்து ஒரு பந்தைத் தூக்கியது. சங்கரபாண்டியன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீயளா அண்ணாச்சி? கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எம் பிள்ள எங்க நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிருது."