மூடிக்கு மேல் பலகை

படார்!

இருக்கைக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தில் பல் டாக்டர் கையிலிருந்த வாளியை நழுவவிட்டார்.

இரண்டு வாரமாக அவரே அறுத்து, இழைத்து, பாய்மரப் படகின் இருக்கைகளில் தேக்குப் பலகை பதித்திருந்தார். தச்சரைக் கூப்பிடலாம் என்ற மச்சினனை, பல்லில் ஓட்டை போடும் கைக்குப் பலகை எம்மாத்திரம் என்று சொல்லி அடக்கியிருந்தார். கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, மரத்தூள் போகத் தண்ணீர் ஊற்றியபோதுதான் அந்தச் சத்தம்.

மச்சினன் இருக்கையைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, இந்த சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டிக்கு ஒரு மூடி இருந்துச்சே, அது எங்க?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காகிதம் விரித்து அளவெடுத்தபோது இருக்கையின் ஓரத்தை மட்டும் வரைந்திருந்தார். காகிதத்துக்கு அடியில் மறைந்துபோன மூடியின் விளிம்பு நினைவிலேயே இல்லை. இப்போது நீளப் பலகைகள் மூடியையும் இருக்கையையும் சேர்த்து ஒன்றாக இறுக்கியிருந்தன.

பெட்டிக்குள் இருந்தது உயிர்காப்பு ஜாக்கெட். தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் வகை. போன மாதம் மனைவியே வாங்கி வந்தாள். கடலில் விழுந்தால் மீன் மாதிரி நீந்தித் தூக்கிவருவேன் என்று இவர் இரண்டு வருடமாகச் சொல்லியும் படகில் கால் வைக்காதவள், அந்த ஜாக்கெட் இருந்தால் வருகிறேன் என்று இறங்கி வந்திருந்தாள். இன்று நாலு மணிக்கு முதல் பயணம். மணி மூன்றரை.

"ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்கு. நல்ல பல்லைப் பிடுங்கிட்டீங்க, மாமா" என்றான் மச்சினன்.

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். மூடி திறந்ததும் டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூக்களின் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஊதிய வேகத்தில் அவற்றில் மோதி, ஜாக்கெட் சல்லடையாகியிருந்தது.

நிமிர்ந்தால், எதிரே மனைவி. சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குப் போய்வரும்போது இருப்பதுபோல் இன்றும் ஈரத்தலை.

"அது கிடக்கட்டும். நான் இருக்கேன்ல?" என்றார் டாக்டர்.

அவள் கிழிந்த ஜாக்கெட்டை எடுத்து அவர் மார்பில் வைத்து அளவு பார்த்தாள்.

"இது உங்களுக்கு வாங்கினதுங்க. உங்களுக்கு நீச்சல் வராதுன்னு அத்தை சொன்ன வாரமே நான் கத்துக்கப் போயிட்டேன்."