வயலில் இறங்கிய விமானம்

அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அம்மா போன் செய்ததுமே அக்கா தன் சின்ன விமானத்தைக் கிளப்பிவிட்டாள். பறக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. பக்கத்து இருக்கையில் தம்பி. சாலை வழியே போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர ராத்திரியாகிவிடும்.

"இந்த டப்பாவுல ஏறவே மாட்டேன்னு இருந்தேன்" என்றான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே.

"வாயை மூடிக்கிட்டு வாடா. வாந்தி வந்தா பை முன்னாடி இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. தன் கல்யாண விஷயத்தில் அப்பாவிடம் முறைத்துக்கொண்டு போனவன்; அவரோடு பேசி வருடக்கணக்காகிறது.

"ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டுட்டா போதும்க்கா."

மலையைத் தாண்டியதும், மேகத்துக்கு அடியில் போவதற்காக அக்கா வேகத்தைக் குறைத்தாள். வெளியே ஈரக்காற்று. கொஞ்ச நேரத்தில் என்ஜின் செருமியது. பிறகு உதறத் தொடங்கியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஈரம் உறைந்து பனி கட்டுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சூடான காற்றைத் திறந்துவிடும் குமிழை இழுத்தாள். உதறல் இரண்டு மடங்கானது.

"ஐயோ, இன்னும் மோசமாகுது! உள்ள தள்ளுக்கா! தள்ளு!"

உருகிய பனி தண்ணீராக என்ஜினுக்குள் போகும். என்ஜின் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் சீராகும். அதுவரை குமிழில் கை வைக்கக் கூடாது. மாணவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவள்தான். ஆனால் அலறியது இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவளை அறியாமலே கை குமிழை உள்ளே தள்ளிவிட்டது.

என்ஜின் அடங்கிக்கொண்டே வந்தது. மறுபடி இழுத்தபோது, பனியை உருக்கும் அளவுக்கு அதில் சூடு மிச்சமில்லை. கீழே அறுவடை முடிந்த வயல் ஒன்று தெரிந்தது. மூக்கைத் தாழ்த்தி, காற்றை எதிர்கொண்டு, அலுங்காமல் இறக்கினாள். சக்கரங்கள் மட்டும் சேற்றில் பாதி புதைந்தன.

கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லி முடிக்கும்போது தம்பியின் போன் அடித்தது. கேட்டான். போனை மடியில் வைத்தான்.

"போயிட்டாராம்."

என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா சாவியைத் திருப்பினாள். அதற்குள் தரையின் வெப்பத்தில் பனி உருகி, இருந்த சுவடே இல்லை. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

தம்பி அவளையே வெறித்துப் பார்த்தான்.

"நல்லாத்தானே ஓடுது? அப்புறம் எதுக்கு இறக்கின? பயந்துட்டியா?"

நீ கத்தாமல் இருந்திருந்தால் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அப்பாவைப் பார்க்க முடியாமல் போனது தன்னால்தான் என்று இவன் சாகும்வரை மருகுவான். அக்கா என்ஜினை அணைத்தாள்.

"ஆமாடா" என்றாள். "பயந்துட்டேன்."

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தான்.