காற்றுக்காக வாங்கிய செடி

மகிழினிக்கு எச்சில் ஒழுகியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழ வாயைத் திறந்தாள்; சத்தம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை.

"கேஸ் வுட்டுட்டானுங்க!" என்று பக்கத்து வீட்டுச் சிவந்தி அக்கா கத்தினாள். ஆலைகள் சூழ்ந்த எண்ணூரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் எங்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். தெருவே கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நானும் ஈரத்துணியை மகளின் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினேன். அவள் தள்ளினாள். நான் இன்னும் அழுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் கணவர் அன்புமணிதான் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "கேஸ்னா உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

மகிழினியின் நாக்கு வீங்கி வெளியே தள்ளியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர், பல்லிடுக்கிலிருந்து பச்சையாக ஒரு துணுக்கை எடுத்தார். "வீட்ல என்ன செடி வச்சிருக்கீங்க?"

அன்புமணி போனில் படம் காட்டினார். அகல இலை, நடுவில் வெள்ளைத் தீற்றல். காற்றைச் சுத்தம் பண்ணும் என்று செடி விற்கிற வண்டிக்காரன் சொன்னதை நம்பி, மணலி ஆலை நாற்றத்துக்குப் பயந்து வாங்கிய செடி.

"இது டம்ப் கேன், வெஷச் செடி. கடிச்சா கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா வாயெல்லாம் குத்தும். பேச்சு வராது. தொண்டை வீங்குனா மூச்சே அடைச்சிடும்." பேசிக்கொண்டே வாயைத் துடைத்து, ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்.

அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாழாய்ப்போன வீக்கம் இறங்குவேனா என்றது. கடைசியில் கரகரத்த குரலில் "ம்மா" என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அன்புமணியின் முகம் மட்டும் தெளியவில்லை. "குழலி, அதுல ஒரு கெளைய ஒடிச்சு சிவந்தி அக்காவுக்குக் குடுத்துகீறேன். அங்க அவுங்க பையன் நிதிஷ் கீறான்."

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"புள்ள எப்டி கீது குழலி? இங்க ஜன்னல்லாம் சாத்தி அடைச்சிட்டேன். நிதிஷ வெளியவே வுடல. எலைய பிச்சுப்போட்டு கடை வச்சு வெளாடிகினு கீறான்."

"அக்கா, அவன் வாயப் பாரு! அந்தச் செடிதான் வெஷம்!"

அக்காவின் போன் தரையில் விழும் சத்தம் கேட்டது. "துப்புடா! துப்பு!" என்று அக்கா அலறினாள். பளாரென்று ஓர் அடி. அப்புறம் நிதிஷ் வீறிட்டு அழுதான்.

நல்ல சத்தமாக அழுதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.