பிள்ளை செய்த மருந்து

கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த அம்மாவின் பெயர்ச்சீட்டை அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அது வருவேனா என்றது. அம்மாவின் உடலைக் கீழே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வண்டி வரும்வரை வார்டில் கிடந்த சாமான்களை எடுத்து வைப்பதைத் தவிர அவனுக்கும் அக்காவுக்கும் வேறு வேலை இல்லை.

அவன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவன். யூ என்ற ஊசியிலை மரத்தின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவற்றில் புற்றுநோய் மருந்தைச் சுரக்கவைக்கும் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று பார்ப்பது அவன் பிழைப்பு. சொகுசாக வைத்திருந்தால் அந்தச் செல்கள் கொழுக்கும், ஆனால் மருந்து சுரக்காது. பூச்சி அரித்ததுபோல ஒரு ரசாயனத்தை ஊற்றிப் பயமுறுத்தினால்தான் மரபணுக்கள் சோம்பல் முறிக்கும். இதைக் கேட்டுவிட்டு அம்மா, "உன்னை மாதிரியேதான். அடி விழுந்தாத்தானே நீ புத்தகத்தைத் தொடுவ" என்று சிரித்திருக்கிறாள்.

அம்மாவின் புற்றுநோய்க்கு ஏற்றியதும் யூ மர மருந்துதான். ஆனால் அது எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. அவன் கூடத்திலிருந்து இதுவரை ஒரு சிட்டிகைகூட வெளியே போனதில்லை. சொல்லிப் பார்த்தான். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என் பிள்ளை செஞ்ச மருந்து" என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். பிறகு அவனும் விட்டுவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"போன மாசம் டாக்டர் நிறுத்திடலாமான்னு கேட்டாரே," என்றாள் அக்கா, சால்வையை மடித்தபடி. "நீதான் இன்னும் ரெண்டு தடவை ஏத்திப் பாக்கலாம்னு சொன்ன."

"அம்மாவும் சரின்னாங்களே."

"உன்கிட்ட சரின்னாங்க. என்கிட்ட வேணாம்னாங்க."

அவன் கை நின்றது.

"விரல் நுனியெல்லாம் எரியுது, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலன்னு அழுதாங்க. அவன்கிட்ட சொல்லும்மான்னேன். 'புள்ள கண்ணு முழிச்சு செஞ்சதை எப்படிடி வேணாங்கறது? மனசு விட்டுப்போயிடுவான்'னாங்க."

"அது நான் செஞ்சதில்லக்கா."

"எனக்குத் தெரியும்டா."

அவள் சால்வையைப் பைக்குள் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஸ்கேனுக்குப் போயிருந்த பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். வெறும் கட்டிலைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து போர்வையை இழுத்துக்கொண்டார்.

"அம்மா உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க தம்பி," என்றார். "நாளையிலேருந்து எனக்கும் உங்க மருந்துதானாம்."

அக்கா அவனைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான்.

"ஆமாம்மா," என்றான். "நல்ல மருந்துதான். தாங்க முடியலன்னா டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"சரி தம்பி" என்றவர், போர்வையில் தையல் விட்டிருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டார்.